கூற்றும் எச்சமும்: ஒரு கொலைகாரனின் தொலைபேசி அழைப்பை வாசித்தல்

1

1973 ஏப்ரல் பிற்பகுதியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் ப்யூப்லோ நகரில், ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து எட்மண்ட் கெம்பர் என்ற 24 வயது இளைஞன் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரப் போலீசைக் கூப்பிட்டான். ஆயிரம் மைலுக்கு மேல் கார் ஓட்டி வந்திருந்தான். தன் தாயையும் தாயின் தோழியையும் கொன்றுவிட்டதாகச் சொன்னான். மறுமுனையில் இருந்தவர்கள் நம்பவில்லை. பிறகு கூப்பிடு என்று சொல்லிவிட்டார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். இந்த முறை தனக்கு நேரில் பழக்கமான அதிகாரி ஒருவரைக் கேட்டான். அவரிடம் சொன்னான். உள்ளூர்ப் போலீஸ் வந்து பிடிக்கும்வரை காத்திருந்தான். பிடிபட்ட பிறகு, 1972 மே முதல் 1973 பிப்ரவரி வரை காணாமல் போன ஆறு இளம்பெண்களைக் கொன்றதும் தான்தான் என்று விரிவாகச் சொன்னான். பதினைந்து வயதில், 1964 ஆகஸ்டில், தன் தாத்தாவையும் பாட்டியையும் சுட்டுக் கொன்றவன் அவன். மொத்தம் பத்து உயிர்.

இது போலீஸ் சமாச்சாரம், துப்பறியும் நாவல்காரர்கள் பாத்துக்குவாங்க, தமிழ் எம்.ஏ. படிச்சவனுக்கு இதுல என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்று சொல்லிக்கொண்டு போகிறது. மதிப்பெண்ணுக்காக இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு நம் வகுப்பறைகள் கடமையை முடித்துக்கொண்டன. உண்மையில் அது ஒரு கருவி. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று எந்தப் பிரதியையும் பார்த்துக் கேட்கச் சொல்கிற கருவி. ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு பிரதிதான்.

பழந்தமிழில் கூற்று என்றால் எமன் என்றும் பொருள். கெம்பர் விஷயத்தில் இரண்டு கூற்றும் ஒரே ஆளிடம் இருந்தன. கொன்றவனேதான் சொல்கிறவனும். மற்றவர்களுக்கு வாய் கிடையாது. அவனுடைய வாக்குமூலத்தில் தகவல் உண்டு, விளக்கமும் உண்டு. தகவல்களைப் போலீஸ் போய்ச் சரிபார்த்தது. விளக்கத்தைச் சரிபார்க்க யாரும் போகவில்லை. அரை நூற்றாண்டாக அது அப்படியே கைமாறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையின் சண்டை அந்த விளக்கத்தோடுதான்.

2

முதலில் கேட்போர்.

மிஷெல் ஃபூக்கோ 1976இல் வெளிவந்த 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் ஒப்புதல் பற்றி விரிவாகப் பேசுகிறார். ஒப்புதல் தானாக வழிந்து வருவதல்ல, பாவமன்னிப்புக் கூண்டிலும் நீதிமன்றத்திலும் மருத்துவரின் அறையிலும் கறக்கப்படுவது. அங்கே அதிகாரம் பேசுகிறவனிடம் இல்லை, கேட்கிறவனிடம் இருக்கிறது. இது அவர் வாதம். கெம்பர் இதைத் தலைகீழாக்கிவிட்டான் என்று மேலோட்டமாகத் தோன்றும். யாரும் அவனைக் கேட்கவில்லை, அடிக்கவில்லை, தேடக்கூட இல்லை. சொல்கிறேன் சொல்கிறேன் என்று அவன் துரத்துகிறான், கேட்க ஆளில்லை. ஆனால் சற்று நின்று பார்த்தால் ஃபூக்கோ சொன்னது இங்கேதான் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. கேட்க வேண்டிய நிறுவனம் 'கேட்டேன்' என்று ஏற்கும்வரை, செய்தவனே சொன்னாலும் அது வாக்குமூலம் ஆவதில்லை. வெறும் தொந்தரவு அழைப்பாகத்தான் இருக்கிறது.

ஏன் நம்பவில்லை? சாண்டா குரூஸ் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 'ஜூரி ரூம்' என்றொரு மதுக்கடை. போலீஸ்காரர்கள் கூடுகிற இடம். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள கெம்பர் அங்கே அவர்களோடு உட்கார்ந்து குடித்தவன். செல்லமாக 'பெரிய எட்' என்று கூப்பிடுவார்கள். போலீசில் சேர ஆசைப்பட்டு, அளவுக்கு மீறிய உயரத்தால் அது நடக்காமல், நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன். வெள்ளையன், மரியாதையாகப் பேசுகிறவன், நம்மாளு. ஊருக்கு ஏற்கெனவே வேறு கொலைகாரர்கள் கிடைத்திருந்தார்கள். 1970இல் ஜான் லின்லி ஃப்ரேஸியர், 1973 பிப்ரவரியில் ஹெர்பர்ட் முல்லின். கொலைகாரன் என்கிற வகைமைக்குள் 'நம்மாளு' பொருந்தவில்லை. ஆக, அவனைப் போலீஸ் நம்பாததில் வெறும் அஜாக்கிரதை மட்டும் இல்லை. 'நாம்', 'மற்றவர்' என்ற பிரிப்பும் அதற்குள் வேலை செய்தது.

இதே பிரிப்பை மருத்துவமும் செய்திருக்கிறது. 1964க்குப் பிறகு அட்டாஸ்கடெரோ அரசு மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டவன் கெம்பர். அங்கே மற்ற நோயாளிகளுக்கு உளவியல் சோதனைகள் நடத்த உதவியாளனாகவும் இருந்தான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் 'இயல்பானது' என்ற இலக்கணம் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. 1969 டிசம்பரில் விடுதலையானான். 1972 செப்டம்பரில் இரண்டு உளமருத்துவர்கள் அவனைப் பரிசோதித்து, இவனால் ஆபத்தில்லை, சிறுவயதுக் குற்றப் பதிவை மூடி முத்திரையிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் 15 வயதுப் பெண் ஒருத்தியைக் கொன்றிருந்தான். நவம்பரில் நீதிமன்றம் பதிவை மூடியது. கேட்கத் தெரிந்தவர்கள் என்று அரசு சான்றிதழ் கொடுத்தவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

சரி, அவனை முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டவர் யார்? தாத்தா பாட்டியைச் சுட்டுவிட்டு அந்தப் பதினைந்து வயதுப் பையன் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது தன் தாயை. ஷெரீஃபைக் கூப்பிட்டுச் சொல் என்றாள் அவள். சொன்னான். கொலை செய்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பது 1973இல் புதிதாக நடந்ததல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்பே நடந்தது. அப்போது முதல் கேட்போர் தாய். நம்பியவளும் அவள்தான், அடுத்து செய்ய வேண்டியதைச் சொன்னவளும் அவள்தான். 1973இல் அவன் முதலில் அந்தக் கேட்போரைக் கொன்றான். பிறகுதான் வேறு கேட்போரைத் தேடினான். அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த முதல் அழைப்பை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

3

கெம்பர் சொன்ன விளக்கம் இது. தாய் கொடுமைக்காரி. சிறுவயதில் அவமானப்படுத்தினாள், நிலவறையில் படுக்கவைத்தாள், ஓயாமல் சண்டை போட்டாள். அந்தக் கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல் மற்ற பெண்களிடம் காட்டினேன். கடைசியில் அவளையே கொன்றேன், தேவை தீர்ந்துவிட்டது, அதனால் சரணடைந்தேன். கேட்பதற்குக் கதை கச்சிதமாக இருக்கிறது. தொடக்கம், சிக்கல், உச்சம், அமைதி என்று நாலும் கூடிவந்த கதை. அதுதான் முதல் சந்தேகத்தைத் தர வேண்டும். வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காக அத்தியாயம் பிரித்துக்கொண்டு நடப்பதில்லை.

இங்கே நம்மூர்ச் சட்டத்திலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்குகிறேன். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்கிறது. 27ஆம் பிரிவு அதற்கு ஒரு விலக்கு. போலீஸ் காவலில் இருப்பவன் சொன்னதை வைத்துப் பொருளோ பிணமோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். (2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் இரண்டும் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன.) அதாவது கூற்றை இரண்டாக வெட்டுகிறது. மண்ணைத் தோண்டி உறுதிசெய்யக்கூடியது ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். சட்டம் இதைச் செய்வது காவல்நிலையச் சித்திரவதைக்குப் பயந்து. கலிஃபோர்னியாவில் யாரும் கெம்பரை அடிக்கவில்லை, வாஸ்தவம். நான் கேட்பது வாசிப்பு முறைக்காக மட்டும். தோண்டி எடுத்தது எவ்வளவு, தோண்டாமலே ஒப்புக்கொண்டது எவ்வளவு?

தோண்டி எடுத்ததில் எட்டுக் கொலைகள் உறுதியாயின. 1973 நவம்பர் 8 அன்று எட்டிலும் முதல்நிலைக் கொலைக்குற்றம் என்று ஜூரி முடிவுசெய்தது. தனக்கு மரண தண்டனை வேண்டும் என்று கேட்டான். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1972இல் மரண தண்டனையை நீக்கியிருந்ததால் ஆயுள் தண்டனை. இதெல்லாம் செல்லும். 'தாய்தான் காரணம்' என்பது?

வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாயைக் கொன்றதும் தேவை தீர்ந்தது என்கிறான். ஆனால் தாய்க்குப் பிறகு இன்னொரு பெண்ணைக் கொன்றிருக்கிறான். வீட்டுக்கு வரச்சொல்லி அழைத்துக் கொன்றது தாயின் தோழியை. பட்டியலின் கடைசிப் பெயர் தாயின் பெயர் அல்ல. தீர்ந்த தேவை எப்படி மறுபடி முளைத்தது? இருவரும் சேர்ந்து எங்கோ ஊருக்குப் போயிருப்பதாகக் காட்டத்தான் அந்தக் கொலை என்று அவனே வேறொரு காரணம் சொல்கிறான். அதாவது மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு. சாந்தியடைந்து சரணடைய வந்தவனுக்கு இந்த ஏற்பாடு எதற்கு? இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கதையின் முடிவு கெடுமே என்றுதான் அந்தத் தோழி எப்போதும் அடிக்குறிப்பாகிறாள். கதையின் தொடக்கம் கெடுமே என்றுதான் 1964இன் தொலைபேசி அழைப்பும் அடிக்குறிப்பாகிறது. கொடுமைக்காரத் தாய் என்கிற பாத்திரத்துக்கு, 'ஷெரீஃபிடம் சொல்' என்ற நிதானமான வசனம் ஒட்டவில்லை.

அந்தத் தாயை நல்லவள் என்று நிறுவுவது என் நோக்கமில்லை. கடுமையானவளாகவே இருந்திருக்கட்டும். கடுமையான தாய்மார்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகள் பத்துப் பேரைக் கொல்வதில்லை. நான் சொல்வது, அவளுக்கு எதிரான வழக்கில் புகார்தாரரும் சாட்சியும் அவளைக் கொன்றவனும் ஒரே ஆள் என்பதைத்தான். எந்த ஊர் நியாயத்திலும் இப்படி ஒரு விசாரணை உண்டா? நம் அகமரபில் நற்றாய்க்கும் செவிலிக்கும்கூடக் கூற்று உண்டு. மகள் உடன்போன பிறகு தாய் புலம்புவதற்கென்று தனித் துறையே இருக்கிறது. இந்தப் பிரதியில் தாய்க்கு ஒரு வரி கிடையாது.

ஆறு மாணவிகளின் கதி இன்னும் மோசம். அவன் விளக்கத்தில் அவர்கள் தாய்க்குப் பதிலிகள். இலக்கணத்தில் சொல்வதானால் ஆகுபெயர். ஒன்றன் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவருவது. அவர்கள் செத்தது அவர்களாக அல்ல, வேறு யாருக்கோ ஆகிவந்து செத்தார்கள் என்று அந்த விளக்கம் சொல்கிறது. கொலை அவர்களுடைய உயிரை எடுத்தது. விளக்கம் அவர்களுடைய சாவையும் எடுத்துக்கொண்டது.

4

இதே 1973இல் பாரிசில் ஃபூக்கோவும் அவரது கருத்தரங்கக் குழுவினரும் ஒரு நூல் வெளியிட்டார்கள். 1835 ஜூன் 3 அன்று நார்மண்டியின் ஒரு கிராமத்தில் பியர் ரிவியேர் என்ற இருபது வயது விவசாயி தன் தாயையும் தங்கையையும் தம்பியையும் கொன்றான். ஒரு மாதம் காடு மேடெல்லாம் அலைந்து பிடிபட்டு, சிறையில் உட்கார்ந்து நீண்ட தன்வரலாறு எழுதினான். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1840இல் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டான். அந்தத் தன்வரலாற்றையும் மருத்துவர், நீதிமன்ற ஆவணங்களையும் சேர்த்து வெளியிட்டதுதான் அந்த நூல். மருத்துவமும் சட்டமும் ஒரு மனிதனை எப்படித் தங்கள் சொல்லாடலுக்குள் இழுத்துப்போட முயன்றன, அவன் எழுத்து எப்படி அதற்குள் அடங்காமல் நின்றது என்பதைக் காட்டிய முக்கியமான வேலை. சந்தேகமில்லை. ரிவியேரின் எழுத்துக்குத் தாங்கள் விளக்கம் சொல்லப்போவதில்லை என்று குழு முடிவெடுத்தது. சொன்னால் தாங்களும் மருத்துவர்களின், நீதிபதிகளின் வரிசையில் சேர்ந்துவிடுவோம் என்ற எச்சரிக்கை. அந்தப் பிரதியின் வசியத்துக்குத் தாங்கள் ஆட்பட்டதையும் ஃபூக்கோ முன்னுரையில் மறைக்கவில்லை.

நம்மில் பலருக்கு (எனக்கும்தான்) ஃபூக்கோ பிடிக்கும். பிடிப்பதனாலேயே ஒன்றைக் கேட்டாக வேண்டும். ரிவியேர் எழுதியதில் என்ன இருக்கிறது? சரிபாதி, 1813 முதல் 1835 வரை தன் தாயால் தந்தை பட்ட துன்பங்களின் பட்டியல். நிலத்தகராறு, கடன், சண்டை என்று வருஷவாரியாகப் போகிறது. தந்தையை விடுவிக்கவே கொன்றேன் என்பது முடிவு. அதாவது இதுவும் செத்துப்போன தாய்மேல் கொன்ற மகன் எழுதிய குற்றப்பத்திரிகை. விளக்கம் சொல்ல மாட்டோம் என்ற விரதம் யாருக்குச் சாதகமாகிறது? மருத்துவரின் அதிகாரத்துக்கு எதிராக விளிம்பில் நிற்பவனின் குரலை மீட்கிறோம் என்று போகும்போது, அந்தக் குரலுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிற இன்னொரு குரல் கேட்காமல் போகிறது. விளிம்புக்கும் ஒரு விளிம்பு உண்டு. ஒடுக்கப்பட்ட பிரதி எல்லாம் ஒடுக்காத பிரதி ஆகிவிடாது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. ரிவியேர் நிலவுடைமைச் சமூகத்தின் அடித்தட்டு விவசாயி. அவன் எழுதத் தெரிந்தவன் என்பதே அன்று அதிர்ச்சி. கெம்பர் போலீஸ்காரர்களோடு பீர் குடித்தவன். இடம் வேறு, காலம் வேறு. ஆனால் கூற்றின் வடிவம் ஒன்று. கொன்றவன் பேசுகிறான், காரணமாகத் தாயைக் காட்டுகிறான், கேட்கிறவர்கள் வசியப்படுகிறார்கள்.

5

பயனுக்கு வருவோம். இந்தக் கூற்றினால் யாருக்கு என்ன கிடைத்தது?

1970களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ.யின் நடத்தை அறிவியல் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறைகளுக்குப் போய்க் கொலைகாரர்களைப் பேட்டி கண்டார்கள். வேக்கவில் சிறைமருத்துவமனையில் இருந்த கெம்பர் அவர்களுக்குக் கிடைத்த மிகச் சரளமான பேச்சாளி. 36 கொலைகாரர்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 1988இல் நூலாகியது. 'மைண்ட்ஹண்டர்' என்ற டக்ளஸின் நூல் 1995இல் வந்தது, அதே பெயரில் 2017இல் தொலைக்காட்சித் தொடர். அந்தத் தொடரின் கெம்பர் உலகப் புகழ் பெற்ற பாத்திரம். அட்டாஸ்கடெரோவில் சோதனைத்தாள் விநியோகித்தவன் இங்கே நிபுணர்களுக்கே ஆசிரியன் ஆகிவிட்டான். தன்னையே பொருளாகவும் உரையாசிரியனாகவும் வைத்துக்கொண்ட நூலாசிரியன். மூலமும் உரையும் ஒரே கை. இப்படிப்பட்ட உரையை நாம் எந்த இலக்கியத்திலாவது கண்ணை மூடிக்கொண்டு ஏற்போமா?

கேட்போர் பக்கத்திலும் வேடிக்கை உண்டு. 1991இல் கெம்பரைப் படம்பிடித்துப் பேட்டி கண்டவர்களில் ஒருவர் ஸ்தெஃபான் பூர்குவான். தொடர்கொலைகள் பற்றிய நிபுணர் என்று பிரான்சில் பல்லாண்டு கொண்டாடப்பட்டவர். தன் துணைவியை ஒரு கொலைகாரன் கொன்றான், அதனால்தான் இத்துறைக்கு வந்தேன் என்று சொல்லிவந்தார். 2020இல் அது உட்படப் பலவும் தான் கட்டியவை என்று அவரே ஒப்புக்கொண்டார். கேட்கிறவனுக்கும் ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

விளக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. ஸ்தூரெ பெரிவால் என்ற மனநல மருத்துவமனை நோயாளி 'தாமஸ் க்விக்' என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டார். 1994க்கும் 2001க்கும் இடையில் எட்டுக் கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டார். சிறுவயதில் பெற்றோர் செய்த கொடுமையை மனம் அமுக்கி வைத்திருக்கிறது, கொலைகளில் அது வெளிப்படுகிறது என்பது சிகிச்சையாளர்களின் கோட்பாடு. நோயாளி பேசப் பேசக் கொலைகள் கூடின. 2008இல் எல்லாம் பொய் என்றார். 2013க்குள் எட்டுத் தீர்ப்புகளும் ரத்தாயின. விளக்கம் அவ்வளவு பிடித்துப்போனதால் தகவலே தேவைப்படாமல் போன வழக்கு இது. உண்மைக் குற்றவாளியை நம்பாத சாண்டா குரூஸ் தொலைபேசியும், பொய்க் குற்றவாளியை நம்பிய ஸ்வீடன் மருத்துவமனையும் எதிரெதிர் துருவங்கள் அல்ல. இரண்டு இடத்திலும் கேட்கிறவர்கள் தங்களுக்கு முன்பே தெரிந்த கதையைத்தான் கேட்டார்கள்.

6

மிஞ்சுவது எச்சம். சொல்லாமல் விட்டதைச் சொன்னதிலிருந்து வருவித்துக்கொள்வது. விளக்கத்தை ஒதுக்கிவைத்தால் இந்தப் பிரதியில் என்ன தெரிகிறது?

ஒரு கார் தெரிகிறது. கெம்பரின் தாய் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அலுவலக ஊழியர். அதனால் அவன் காரில் பல்கலைக்கழக வாகன ஒட்டுச்சீட்டு இருந்தது. கொலைகள் பெருகியபோது மாணவிகளுக்கு என்ன புத்திமதி சொன்னார்கள் தெரியுமா? வழியில் காரை நிறுத்தி ஏறுவதானால் பல்கலைக்கழகச் சீட்டு ஒட்டிய காரில் மட்டும் ஏறுங்கள் என்று. 'நம்மாளு' காரில் ஏறு என்பதுதான் இதன் பொருள். போலீஸ் அவனை நம்பியதும், மருத்துவர்கள் அவனுக்குச் சான்று கொடுத்ததும், அந்தப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பும் ஒரே சீட்டில் ஒட்டியிருக்கின்றன. இது அவன் மனசுக்குள் தேடவேண்டிய விஷயமல்ல. சாலையில் கிடக்கிறது. அடுத்த ஊருக்குப் போகக் காரை நிறுத்தி ஏறவேண்டிய நிலை ஏன் அத்தனை பெண்களுக்கு இருந்தது, பஸ் எங்கே போயிற்று, மூடி முத்திரையிட்ட பதிவு யாரைப் பாதுகாத்தது என்ற கேள்விகளைத் 'தாய்தான் காரணம்' என்ற ஒரே பதில் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான பதில் கிடைக்காது. ஒரு செத்த பெண்மணியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

கெம்பர் சரணடைந்ததைக் குற்றவுணர்வு என்றோ, மனசாட்சி என்றோ, தேவை தீர்ந்தது என்றோ எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஒப்புக்கொண்டான் என்பதற்காக அவன் சொன்ன காரணத்தையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை என்பதுதான் முக்கியம். செய்ததைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஏன் நடந்தது என்று தீர்ப்புச் சொல்கிற உரிமையை அவனிடம் கொடுத்தது நாம்தான். திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முதல்படி, அடுத்தமுறை இப்படியொரு பேட்டியையோ தொடரையோ பார்க்கும்போது, 'முன்னம்' என்று பெரியவர்கள் சொன்ன அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்பது. இதைச் சொல்வது யார், யாருக்கு? எதிர்ப்பக்கத்தில் பதில் சொல்ல ஆள் உயிரோடு இருக்கிறதா?